அரைச்செங்கல் சுவர்

பஸ் காசும் சேர்த்து ஐநூற்று இருபது ரூபாய்.
கொழுந்துக் கணக்கில் சொன்னால்
ஒரு நாள் முழுக்க,
அடுத்த நாள் டீ நேரம் வரைக்கும்.

சட்டங்கள் குன்னூர் பழைய சாமான் கடையில் வாங்கியவை.
ஏதோ பங்களாவை விற்றுவிட்டுப் போனவர்கள்
எடைக்குப் போட்டார்களாம்.
ஏழு சட்டம், முந்நூற்று ஐம்பது.
ஆறில் இருந்தவர்கள் சொன்னபடி கழன்று வந்தார்கள்.
தூக்கிப்போட மனசில்லாமல்
பருப்பு டப்பாவின் மேல் ஒரு கவரில் வைத்திருக்கிறேன்.
ஏழாவதில் ஒரு நாய்.
மலை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது,
உரித்தால் காது கண்ணாடியிலேயே தங்கிவிடும்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

கோத்தகிரி ஜெராக்ஸ் கடையில்
தாளுக்கு மூன்று படம், முப்பது ரூபாய்.
போட்டோ பேப்பர் என்றால் தொண்ணூறு, போடவா என்றான் நந்தீஷ்.
வேண்டாம்ப்பா, தூரத்தில் நின்றுதானே பார்க்கப்போகிறோம்?
"பத்தடி ரூம்ல ஏதும்மா தூரம்?"
நிவேதிகா யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள்.

மாமனாருக்கு உள்ளது ஒரே படம்,
மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் ஒட்டியது.
ஒரு பெஞ்சில் ஐந்து பேர்,
நடுவில் நம்பர் எழுதிய பலகை,
ரப்பர் முத்திரையின் பாதி வட்டம்
மாமனார் கன்னத்தில்.
"முத்திரைய அழிச்சிரலாம்க்கா, அஞ்சு நிமிஷம்."
கடைக்கு வெளியே நின்று
பஸ் போர்டு படித்துக்கொண்டிருந்த இவர்
திரும்பாமலே சொன்னார்:
"கன்னத்தையும் சேத்து அழிச்சிருவான். வேணாம்."

ஆணி அடிக்குமுன்
சட்ட அளவுக்குச் செய்தித்தாள் வெட்டி
சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பார்த்தோம்.
இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது குடும்பம்:
மாமனார் இடத்தில் தங்கம் விலை,
எங்கள் கல்யாணத்துக்கு மின்தடை அறிவிப்பு,
சின்னவனின் பால்வாடிப் படத்துக்கு
ரிப்பன் வெட்டும் யாரோ ஒருவர் கை.
இவர் டீ கிளாஸோடு வந்து நின்று
"தங்கத்தைக் கொஞ்சம் மேல ஏத்து" என்றார்.

மேற்கு மூலையை விட்டுவிட்டோம்.
ஆனி பிறந்தால் வியர்க்கிற மூலை அது.
போன வருஷம் காலண்டர் முருகனுக்கே
அங்கே தாடி முளைத்தது.

லயத்துச் சுவர் அரைச்செங்கல்.
தெரியாமலில்லை,
பக்கத்து வீட்டில் இருமினால்
இங்கே வெந்நீர் வைத்தவள் நான்.
ஆனால் வாங்கிய ஆணி ஆறு,
நாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
ஏழாவதுக்குக் கூரைத் தகரத்தில் மிஞ்சிய
ஆறு அங்குல ஆணியைத் தேடி எடுத்தார் இவர்.
காசு மிச்சம்.

நாலாவது அடிக்குப்
பிலோமினா கத்தினாள்.
ஓடினோம்.
அவள் டிவிக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பில்
ஒரு நகம் அளவுக்கு எங்கள் ஆணி.
கீழே தோசை மாவில் காரைத் துண்டு.
இவர் குறடு எடுக்கத் திரும்பினார்.
அவள் நாற்காலியில் ஏறி
கட்டைவிரலால் ஆட்டிப் பார்த்தாள்.
ஆடவில்லை.
"இருங்கண்ணே. இன்னும் ரெண்டு தட்டு தட்டுங்க."

பீரோ அடியிலிருந்து, பழைய துண்டில் சுற்றி,
எட்வின் வந்தான்:
திருப்பூர் போகுமுன் ஸ்டுடியோவில்
கடன் வாங்கிய கோட்டோடு.
மூன்று வருஷமாய்
ஆணி அடிக்க ஆளில்லையாம்.

தலைப்பக்கம் எங்களுக்கு, கூர்ப்பக்கம் அவளுக்கு.

வீட்டுக்கு வருகிறவர்கள்
மாமனாரைக் கேட்பதில்லை, கல்யாணத்தைக் கேட்பதில்லை,
யார் வீட்டு நாய் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.
சின்னவன் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறான்.
எங்களிடம் சொல்ல மாட்டான்.

கதவை யார் அடித்துச் சாத்தினாலும் நாய் கோணும்.
காலையில் கூடையை மாட்டுமுன்
நான் நேராக்குவேன்.
அந்தப் பக்கமிருந்து குரல் வரும்:
"மெதுவாடி, இங்க இவன் சாயுறான்."